முப்பத்திரண்டுக்குள் அடங்காத முப்பத்திரண்டு

ஓர் இடைநிலைப்பள்ளியின் கணினிக் கழகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பள்ளியின் மூலிகைத் தோட்டத்தில் துளசி, வல்லாரை, பாண்டான் ஆகிய செடிகள் வளர்கின்றன. மண்ணின் ஈரத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பதிவுசெய்ய, ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி ஒன்றை மாணவர்கள் அங்கே பொருத்தியிருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கணினியில் வன்தட்டு கிடையாது. இயங்குதளம், மாணவர்கள் எழுதிய நிரல், ஓராண்டில் சேர்ந்த 52,560 அளவீடுகள் ஆகிய எல்லாமே விரல் நகத்தின் அளவுள்ள 32 ஜிகாபைட் நினைவக அட்டை ஒன்றில்தான் இருக்கின்றன.

அண்டைப் பள்ளிகள் மூன்று இதைப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் இதுபோல் ஒன்று வேண்டும் என்று கேட்கின்றன. மூன்று புதிய அட்டைகள் வாங்கப்படுகின்றன. அவையும் 32 ஜிகாபைட்தான். தயாரித்த நிறுவனம் மட்டும் வேறு. பழைய அட்டையைப் புதியதில் அப்படியே படியெடுக்கத் தொடங்குகிறார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடுகிறது. வேலை முடியப்போகும் நேரத்தில் திரையில் ஒரு செய்தி தோன்றுகிறது: ‘இடம் போதவில்லை’.

பழைய அட்டையில் உண்மையில் நிரம்பியிருப்பது 5 ஜிகாபைட் மட்டுமே. ஐந்து படி அரிசி, முப்பத்திரண்டு படி கொள்ளும் பானையில் அடங்கவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால், கணினி பொய் சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, நாம் அட்டைக்குள் சற்றே எட்டிப்பார்க்க வேண்டும்.

நினைவக அட்டையானாலும் வன்தட்டானாலும், கணினியின் கண்ணுக்கு அது எண்ணிடப்பட்ட சிறு கட்டங்களின் மிக நீண்ட வரிசை. ஒரு கட்டத்தில் 512 பைட் தரவு அடங்கும். கடையில் 32 ஜிகாபைட் என்று விற்கப்படும் அட்டைகள் எல்லாவற்றிலும் கட்டங்களின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதில்லை. ஓர் அட்டையில் 62,333,952 கட்டங்கள் இருக்கலாம். இன்னொன்றில் 61,067,264 கட்டங்களே இருக்கலாம். இரண்டின் உறையிலும் 32 என்றுதான் அச்சிட்டிருக்கும். வேறுபாட்டைக் கணக்கிட்டால் 1,266,688 கட்டங்கள், அதாவது ஏறக்குறைய 648 மெகாபைட் வருகிறது. நம் மாணவர்களுக்குத் தடையாக நின்றது இந்த வால்பகுதிதான்.

அப்படியானால், காலியாகக் கிடக்கும் கட்டங்களை விட்டுவிட்டு, நிரம்பியவற்றை மட்டும் படியெடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், எந்தக் கட்டம் காலி, எந்தக் கட்டம் நிரம்பியது என்பது கட்டத்தைப் பார்த்தால் தெரியாது. அதைச் சொல்வதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் கோப்பு முறைமை.

ஒரு பெரிய நூலகத்தை நினைத்துப் பாருங்கள். இலட்சக்கணக்கான நூல்கள் அடுக்குகளில் இருக்கின்றன. குறிப்பிட்ட நூல் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை நூற்பட்டியல் சொல்லும். பட்டியல் தொலைந்துபோனால், நூல்கள் அங்கேயே இருந்தும் பயனில்லை. கோப்பு முறைமை செய்வதும் இதே வேலைதான். ராஸ்பெரி பை கணினியில் இருக்கும் லினக்ஸ் இயங்குதளம் பொதுவாக எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறது. அது வழக்கமாக எட்டுக் கட்டங்களைச் சேர்த்து 4,096 பைட் கொண்ட ஒரு தொகுதியாகக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோட்’ எனப்படும் ஒரு குறிப்பு அட்டை உண்டு. கோப்பின் உரிமையாளர் யார், அதை யார் படிக்கலாம், எப்போது மாற்றப்பட்டது, அதன் தரவு எந்தெந்தத் தொகுதிகளில் இருக்கிறது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும்.

ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது என்ன நடக்கிறது? பெரும்பாலும் பட்டியலிலிருந்து அதன் குறிப்பு மட்டுமே நீக்கப்படுகிறது. ‘இந்தத் தொகுதிகளை இனி யாரும் பயன்படுத்தலாம்’ என்று குறித்துவைக்கப்படுகிறது. பழைய தரவு, வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கிறது. ‘காலி’ என்பது வெற்றிடம் அன்று. யாருக்கும் ஒதுக்கப்படாத இடம், அவ்வளவுதான். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இது நமக்குத் தேவைப்படும்.

இனி, படியெடுக்கும் வழிகளைப் பார்ப்போம். நமக்குப் பழகிய வழி, சுட்டியால் கோப்புகளைப் பிடித்து இழுத்து இன்னோர் இடத்தில் விடுவது. ஒளிப்படங்களுக்கும் கட்டுரைகளுக்கும் இது போதும். இயங்குதளம் உள்ள அட்டைக்குப் போதாது. அந்த அட்டையை விண்டோஸ் கணினியில் செருகினால், தொடக்கத்தில் இருக்கும் சிறு பிரிவு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை கொண்ட பெரிய பிரிவை விண்டோஸ் தானாகப் படிக்காது. லினக்ஸ் கணினியில் இரண்டும் தெரியும் என்றாலும், சாதாரண முறையில் படியெடுத்தால் கோப்புகளின் உரிமையாளர் பெயரும் அனுமதிகளும் மாறிவிட வாய்ப்புண்டு. உடல் வந்து சேரும்; உயிர் வராது. அட்டையைச் செருகினால் கணினி இயங்காது.

ஆகவே, மாணவர்கள் கட்டளை வரிக்குச் செல்கிறார்கள். கட்டளை வரி என்பது கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் முறை. அங்கே படங்களோ பொத்தான்களோ இல்லை. (கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும், இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் தமிழில் தந்திருக்கிறேன்.) படியெடுக்க அவர்கள் பயன்படுத்திய கட்டளையின் பெயர் ‘டிடி’.

டிடி மிகப் பழைய கட்டளை. கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அடுத்து வந்த சில ஆண்டுகளிலேயே டிடி அதில் இடம்பெற்றுவிட்டது. யூனிக்ஸின் மற்றக் கட்டளைகளைப் போல் அல்லாமல், ‘உள்ளீடு எது, வெளியீடு எது’ என்பதைச் சமக்குறி இட்டு எழுதும் விநோதமான நடை இதற்கு உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகளில் வழங்கிய கட்டளை நடையின் சாயல் அது.

டிடி செய்யும் வேலை எளிது. உள்ளீட்டின் முதல் கட்டத்தைப் படிக்கும். வெளியீட்டின் முதல் கட்டத்தில் எழுதும். அடுத்ததைப் படிக்கும், அடுத்ததில் எழுதும். கோப்பு என்றால் என்ன, காலி என்றால் என்ன என்றெல்லாம் அதற்குத் தெரியாது. நூலகத்தின் பட்டியலைப் பார்க்காமல், அடுக்குகளை வரிசையாக ஒளிப்படம் எடுத்துக்கொண்டே போகும் ஒருவரைப் போன்றது அது. அந்த அறியாமைதான் அதன் பலம். எந்தக் கோப்பு முறைமையானாலும், எத்தனை பிரிவுகள் இருந்தாலும், அனுமதிகளும் உரிமையாளர் பெயர்களும் சிறிதும் மாறாமல் வந்துவிடும். பலவீனமும் அதுவே. 5 ஜிகாபைட் தரவுக்காக 32 ஜிகாபைட்டையும் அது சுமக்கும். நொடிக்கு 20 மெகாபைட் வேகத்தில் ஓடினால் 27 நிமிடம் ஆகும்.

வேகம் குறித்து ஒரு சிறு செய்தி. ஒன்றும் சொல்லாமல் விட்டால் டிடி ஒவ்வொரு முறையும் 512 பைட் மட்டுமே அள்ளும். மணலைத் தேக்கரண்டியால் அள்ளுவதுபோல. ஒருமுறைக்கு 4 மெகாபைட் அள்ளச் சொன்னால் வாளியால் அள்ளியதுபோல் வேலை விரைவாக நடக்கும்.

இந்தக் கட்டளைக்கு ‘வட்டை அழிப்பவன்’ என்று கணினி வல்லுநர்கள் வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. லினக்ஸ் கணினியில் வட்டுகளுக்கு ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’, ‘எஸ்டிசி’ என்பன போன்ற பெயர்கள் உண்டு. ஓர் எழுத்து மாறினால் வேறு வட்டின்மேல் எழுதிவிடும். ‘உறுதியாகத்தானா?’ என்று டிடி ஒருபோதும் கேட்காது. பல ஆண்டுகளுக்கு முன், இரவு வெகுநேரம் விழித்திருந்து இந்த வேலையைச் செய்தபோது, நானும் ‘பி’ என்று தட்ட வேண்டிய இடத்தில் ‘சி’ என்று தட்டிவிட்டேன். குடும்பப் படங்கள் இருந்த வட்டு அது. தவற்றை உணர்ந்து சில நொடிகளிலேயே நிறுத்திவிட்டேன். ஆனால், அந்தச் சில நொடிகளில் வட்டின் தொடக்கத்தில் இருந்த பட்டியல் போய்விட்டது. படங்களில் பெரும்பாலானவை உள்ளேதான் இருந்தன. அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லத்தான் எதுவும் இல்லை. மீட்டெடுக்க மூன்று வாரம் ஆயிற்று. சில படங்கள் வரவே இல்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்றிலிருந்து ‘எல்எஸ்பிஎல்கே’ என்னும் கட்டளையை இயக்காமல் நான் டிடியைத் தொடுவதில்லை. இணைக்கப்பட்ட வட்டுகளையும் அவற்றின் அளவுகளையும் அது வரிசையாகக் காட்டும். அட்டையைச் செருகுமுன் ஒருமுறையும் செருகியபின் ஒருமுறையும் இயக்கிப் பார்த்தால், புதிதாகத் தோன்றும் பெயர்தான் அட்டையின் பெயர் என்று தெரிந்துவிடும்.

படியெடுக்கும்போது அந்த அட்டையில் வேறெந்த வேலையும் நடக்கக் கூடாது. ஓடியாடும் வகுப்பை மெதுவாக ஒளிப்படம் எடுத்தால் ஒரே மாணவன் இரண்டு இடங்களில் தெரிவான். இன்னொருவன் தெரியவே மாட்டான். எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் அட்டையைப் படியெடுத்தாலும் இதே குழப்பம்தான். அதனால், ராஸ்பெரி பையை முறையாக நிறுத்தி, அட்டையைக் கழற்றி, வேறொரு லினக்ஸ் கணினியில் செருகிப் படியெடுப்பதே நல்லது.

மாணவர்கள் இம்முறை அட்டையிலிருந்து அட்டைக்கு நேரே எழுதவில்லை. பழைய அட்டை முழுவதையும் கணினியின் வன்தட்டில் ஒரே கோப்பாகச் சேமித்துக்கொண்டார்கள். இதற்குப் படிமக் கோப்பு என்று பெயர். இனிச் செய்யும் சோதனைகள் எல்லாம் இந்தப் படிமத்தின்மேல்தான். பழைய அட்டை இழுப்பறைக்குப் போய்விட்டது. (படிமத்தை விரலியில் வைக்க எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபேட்32 முறையில் அமைந்த விரலி, 4 ஜிகாபைட்டை எட்டும் ஒற்றைக் கோப்பை ஏற்காது.)

இப்போது படிமத்தைச் சுருக்க வேண்டும். மாணவர்களுக்கு முதலில் தோன்றிய வழி, ‘ஜிஸிப்’ போன்ற அமுக்கும் மென்பொருள். 1992-இல் வெளிவந்த ஜிஸிப், தரவில் திரும்பத் திரும்ப வருபவற்றைக் கண்டுபிடித்துச் சுருக்கமாக எழுதிவைக்கும். படிமத்தில் 27 ஜிகாபைட் காலி இடம் இருப்பதால் அது மிகச் சிறியதாகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால், எதிர்பார்த்த அளவுக்குச் சுருங்கவில்லை. ஏன்? முன்பு சொன்னது நினைவிருக்கிறதா? காலி இடம் வெற்றிடம் அன்று. ஓராண்டில் எழுதி அழிக்கப்பட்ட ஒளிப்படங்களும் பழைய நிரல்களும் அங்கே கிடந்தன. ஜிஸிப்புக்கு அவை குப்பை என்று தெரியாது. அது அவற்றையும் பொறுப்பாக மூட்டை கட்டியது.

இதற்கு ஒரு மருந்து உண்டு. ‘சீரோஃப்ரீ’ என்னும் கட்டளை, கோப்பு முறைமையின் பட்டியலைப் பார்த்து, ஒதுக்கப்படாத தொகுதிகளைத் தேடிப்பிடித்து, அவற்றைச் சுழியத்தால் நிரப்பிவிடும். பிறகு அமுக்கினால், கோடிக்கணக்கான சுழியங்கள் சில வரிகளில் அடங்கிவிடும். படிமம் உண்மையிலேயே சிறியதாகும்.

ஆனால், மாணவர்களின் சிக்கல் தீரவில்லை. அமுக்கிய படிமத்தைப் புதிய அட்டையில் எழுதும்போது அது விரிந்தாக வேண்டும். விரிந்தால் மறுபடியும் அதே 62,333,952 கட்டங்கள். நீளமான பாயைச் சுருட்டினால் அலமாரியில் வைக்கலாம். சிறிய அறையில் விரிக்க முடியுமா? பாயை வெட்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது. படிமத்தின் முன்பகுதி 6 ஜிகாபைட்டை வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறிந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. கோப்புகள் முன்பகுதியில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதில்லை. கோப்பு முறைமை அவற்றை அட்டையின் நீள அகலத்தில் ஆங்காங்கே பரப்பி வைத்திருக்கும். துளசித் தோட்டத்தின் அளவீடுகள் இருபதாவது ஜிகாபைட்டில் இருக்கலாம். முதலில் எல்லாவற்றையும் முன்பக்கம் நகர்த்த வேண்டும். நகர்த்தியதைப் பட்டியலிலும் திருத்த வேண்டும். அதன்பிறகே வெட்ட வேண்டும்.

இந்த வேலையை நான்கு படிகளாக, அதே வரிசையில் செய்ய வேண்டும். படிமக் கோப்பை ஒரு வட்டுபோல் கணினியுடன் இணைத்த பிறகு, முதலில் ‘இ2எஃப்எஸ்சிகே’ என்னும் கட்டளை கோப்பு முறைமையில் பிழை உள்ளதா என்று சோதிக்கும். பட்டியலில் ஏற்கெனவே பிழை இருந்தால், அதை நம்பித் தொகுதிகளை நகர்த்துவது குருடன் கையில் விளக்கைக் கொடுத்ததுபோல் ஆகும். அடுத்து, ‘ரீசைஸ்2எஃப்எஸ்’ கோப்பு முறைமையைச் சுருக்கும். பின்பகுதியில் இருக்கும் தொகுதிகளை முன்பகுதியின் காலி இடங்களுக்கு நகர்த்தி, ஐநோட் குறிப்புகளைத் திருத்துவது இந்தக் கட்டளைதான். உண்மையான சுருக்கம் இங்கேதான் நடக்கிறது. மற்றவை எல்லாம் இதற்கு முன்னேற்பாடும் பின்வேலையும்தான். மூன்றாவதாக, ‘பார்ட்டட்’ என்னும் கட்டளையால் பிரிவின் எல்லையை உள்நோக்கி நகர்த்த வேண்டும். கடைசியாக, ‘ட்ரங்கேட்’ கட்டளையால் படிமக் கோப்பின் வாலை நறுக்க வேண்டும்.

வரிசை மாறினால் என்ன ஆகும்? கோப்பு முறைமையை ஒரு வீடாகவும் பிரிவின் எல்லையை வேலியாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டைச் சிறிதாக்கிய பிறகு வேலியை உள்ளே தள்ளலாம். வேலியை முதலில் தள்ளினால் சமையலறை அடுத்த வீட்டுக்காரரின் நிலத்தில் நிற்கும். ஒரே ஒரு கட்டம் குறைவாகக் கணக்கிட்டாலும் கோப்பு முறைமையின் வால் வெட்டுப்பட்டு, கணினி அதை ஏற்க மறுக்கக்கூடும். பெரிதாக்கும்போது வரிசை தலைகீழாக மாறும்: முதலில் வேலி, பிறகு வீடு. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை, அது பயன்பாட்டில் இருக்கும்போதே பெரிதாக்க முடியும். சுருக்குவதற்கு மட்டும் அதை எல்லா வேலையிலிருந்தும் விடுவிக்க வேண்டும்.

எவ்வளவு சுருக்கலாம்? இயன்ற மட்டும் இறுக்கும் விருப்பக்குறி ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையிலேயே இருக்கிறது. நான் அதை அப்படியே பயன்படுத்துவதில்லை. காலியிடமே இல்லாத கணினி, தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதவும் இடமின்றித் தொடங்கும்போதே திணறும். நம் மாணவர்களும் 5 ஜிகாபைட் தரவுக்கு 6 ஜிகாபைட் இடம் வைத்தார்கள். இப்போது படிமத்தை எழுத, அதே வேகத்தில் 5 நிமிடம் போதும். 8 ஜிகாபைட் அட்டையில்கூட அது அடங்கும். பெரிய அட்டையில் எழுதினால், முதன்முறை இயக்கியதும் வேலியையும் வீட்டையும் அட்டையின் எல்லைவரை விரித்துக்கொள்ள ராஸ்பெரி பையில் வசதி உண்டு.

இங்கே, மாணவர்களில் ஒருத்தி ஒரு கேள்வி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: “ஆசிரியர், நம் பள்ளி வைஃபையின் கடவுச்சொல்லும் இந்தப் படிமத்துக்குள் இருக்கும்தானே?” இருக்கும். மறைவாக எங்கோ அன்று. ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். கழகத்தின் பயனர் பெயர், கடவுச்சொல் குறிப்பு, கணினியின் பெயர் ஆகியவையும் இருக்கும். மூன்று பள்ளிகளுக்கும் ஒரே படிமத்தைக் கொடுத்தால், மூன்று பள்ளிகளின் கைகளிலும் நம் வீட்டுச் சாவி இருக்கும். படிமத்தைக் கொடுப்பதற்குமுன் இவற்றை நீக்க வேண்டும். நீக்கினால் மட்டும் போதுமா? நீக்கப்பட்ட கோப்பு எங்கே போகிறது என்பது உங்களுக்கு இப்போது தெரியும். ஆகவே, நீக்கிய பிறகு சீரோஃப்ரீயை மீண்டும் ஒருமுறை ஓட்ட வேண்டும்.

இது வீண் அச்சம் அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்னும் இருவர், பழைய வன்தட்டுகள் 158-ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கடன்பற்று அட்டை எண்கள் கிடைத்தன. விற்றவர்களில் பலர் கோப்புகளை அழித்துவிட்டதாகவே நம்பியிருப்பார்கள்.

டிடியை விட்டுவிட்டு வேறு வழியிலும் இந்த வேலையை முடிக்கலாம். புதிய அட்டையில் புதிய கோப்பு முறைமையை அமைத்துவிட்டு, பழைய அட்டையின் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைப்பது. முன்னது வீட்டையே பெயர்த்துக்கொண்டு போவது என்றால், இது சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு புதுவீட்டுக்குக் குடிபோவது. காலி இடத்தைச் சுமக்க வேண்டியதில்லை. சிதறிக் கிடந்த கோப்புகளும் புதிய இடத்தில் பெரும்பாலும் தொடர்ச்சியாக அமர்ந்துகொள்ளும்.

இதற்கு ஏற்ற கட்டளை ‘ஆர்சிங்க்’. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகியோர் 1996-இல் இதை வெளியிட்டனர். கோப்பின் உரிமையாளர், அனுமதி, நேரக்குறி ஆகியவற்றைக் காப்பாற்றும்படி நாம் அதனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அப்படியே செய்யும். மறுநாள் அதே கட்டளையை இயக்கினால், மாறிய கோப்புகளை மட்டும் எடுத்துச்செல்லும். பாதியில் நின்றாலும் விட்ட இடத்தை ஒட்டித் தொடரும். அதற்கும் ஒரு குறும்பு உண்டு. மூலக் கோப்புறையின் பெயருக்குப்பின் சாய்கோடு இட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இடாவிட்டால் கோப்புறையே போகும். இந்த ஒரு கோட்டால் குழம்பாதவரை நான் பார்த்ததில்லை.

இயங்குதளத்துக்கு இந்த வழியில் மேலும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. புதிய அட்டையில் பிரிவு புதியது, எண்ணும் புதியது. ஆனால், படியெடுத்த கோப்புகளில் இரண்டு, பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். அவற்றில் எண்ணைத் திருத்தாவிட்டால் கணினி தொடங்காது. ஒரே படிமத்தைப் பலருக்குக் கொடுக்க வேண்டுமானால் சுருக்கிய படிமமே வசதி என்பது என் கருத்து. நாள்தோறும் சேரும் அளவீடுகளுக்குக் காப்பு எடுக்க ஆர்சிங்க் போதும்.

எந்த வழியில் எடுத்தாலும், எடுத்தது சரியான நகல்தானா என்று எப்படி அறிவது? 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையை இயக்கிவிட, படத்தின் கோப்புகள் வேகமாக மறையத் தொடங்கின. கணினியின் மின்னிணைப்பைப் பிடுங்கி நிறுத்தினார்கள். காப்பு நகல் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அதைத் திறந்தபோதுதான், அது சரியாக எடுக்கப்படவில்லை என்பது தெரிந்தது. அதுவரை யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. படத்தின் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சூஸ்மன், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே பணியாற்றிவந்தார். அவருடைய வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு அலுவலகம் வந்து சேர்ந்தார்கள்.

நம் மாணவர்களுக்கு இவ்வளவு பதற்றம் தேவையில்லை. ‘ஷா256சம்’ என்னும் கட்டளை, கோப்பு முழுவதையும் படித்து, 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையைத் தரும். மூலத்தில் ஒரு பிட் மாறினாலும் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். படிமத்தின் கைரேகையையும் அட்டையில் எழுதப்பட்டதன் கைரேகையையும் ஒப்பிட்டால் போதும். இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. அட்டை படிமத்தைவிடப் பெரியது என்பதால், படிமத்தின் நீளத்துக்குச் சமமான பைட்டுகளை மட்டுமே அட்டையிலிருந்து படித்துக் கணக்கிட வேண்டும். அட்டையை முதன்முறை இயக்குவதற்குமுன் இதைச் செய்ய வேண்டும். இயங்கிவிட்டால் உள்ளிருப்பது மாறத் தொடங்கிவிடும்.

மாணவர்கள் மூன்று அட்டைகளையும் எழுதி முடிக்கிறார்கள். இரண்டின் கைரேகை ஒத்துப்போகிறது. மூன்றாவது ஒத்துப்போகவில்லை. மறுபடியும் எழுதுகிறார்கள், மறுபடியும் ஒத்துப்போகவில்லை. பழுது அட்டையில்தான் என்று தெரிந்து, கடையில் கொடுத்து வேறொன்றை மாற்றி வாங்கி எழுதுகிறார்கள். இம்முறை 64 எழுத்துகளும் ஒத்துப்போகின்றன. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் விரல்வைத்துச் சரிபார்க்கிறார். மூன்று உறைகளிலும் பள்ளியின் பெயரும் நாளும் எழுதப்படுகின்றன. பழைய அட்டை மறுபடியும் தோட்டத்துக்குப் போய், துளசிச் செடியின் அடியில் 52,561-ஆவது அளவீட்டைப் பதிவுசெய்கிறது.